உடைந்த பீங்கான் – உபயோகமற்றது

சேந்தமங்கலம் வீட்டுக்கு வெள்ளையடித்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. மழை முடிந்ததும் பெயின்ட் அடித்துவிடலாம் என்று, என் மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு நாமக்கல்லுக்குப் போனேன். கடைக்காரர் வண்ண அட்டையை எடுத்து விரித்தார். இப்போதெல்லாம் பச்சை என்று ஒன்று கிடையாது. நாற்பது பச்சை இருக்கிறது. அதில் ஒன்றின் கீழே 'செலடான்' என்று போட்டிருந்தது. சாம்பல் கலந்த வெளிர் பச்சை. வாழைக்குருத்து விரியும் முன் ஒரு நிறத்தில் இருக்குமே, அதில் ஒரு சொட்டு நீலம் விட்டது போல.

"இதென்னங்க, மருந்துப் பேரு மாதிரி இருக்குது" என்றார் கடைக்காரர்.

கேட்டுவிட்டாரே, சும்மா இருப்பேனா? பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். எங்கள் வாத்தியார் ஒரு நாள் சொன்ன கதையை அங்கேயே, பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் நின்று சொன்னேன். ஒனொரே துர்ஃபே என்பவர் 1607-இல் வெளியிடத் தொடங்கிய 'லாஸ்த்ரே' என்ற மிக நீளமான பிரெஞ்சு நாவலில் செலடோன் என்று ஓர் இடையன் வருகிறான். காதலியால் விரட்டப்பட்டு ஆற்றில் விழுகிறவன். அவன் பச்சை நாடா கட்டியிருப்பான் என்பதால் அந்த நிறத்துக்கே அவன் பெயர் வந்தது, பிறகு அதே நிறத்தில் சீனாவிலிருந்து வந்த பாத்திரங்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று வாத்தியார் சொன்னார். சீனர்களுக்கு அது வெறுமனே 'பச்சைப் பீங்கான்' என்று பொருள்படும் ஒரு சொல்தான். அந்தப் பாத்திரங்கள் நம் தமிழ்க் கடற்கரையில் எழுநூறு எண்ணூறு வருடங்களுக்கு முன் வந்து குவிந்தன என்றும் சேர்த்துச் சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மச்சினர் சொன்னார்: "மச்சான், தப்பா நெனச்சுக்காதீங்க. சீனாக்காரன் சுட்ட தட்டைப் பத்தி நாம எதுக்குங்க இத்தனை பேசோணும்? நம்ம இரும்பே அய்யாயிரம் வருசத்துக்கு முந்துனதுன்னு ரிப்போர்ட்டே வந்துருச்சு. அதப் பேசுங்க."

அவர் நல்ல மனிதர். படித்தவர், பத்திரிகை வாசிக்கிறவர். அவர் சொன்னதை இன்று தமிழ்நாட்டில் பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்வார்கள். இந்தக் கட்டுரை அவருக்கு எதிரானது அல்ல. அந்த வாக்கியத்துக்கு எதிரானது. அந்த வாக்கியம் ஒரு அரசு அலுவலகத்தில் என்ன செய்தது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமல்ல, பேனாவைப் பிடித்தவனே நான்தான்.

பிரெஞ்சில் படித்தவன் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதித் தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளனாகப் போய் உட்கார்ந்தது தனிக்கதை; அது இங்கே வேண்டாம். 1983-இல் கிழக்குக் கடற்கரையோரம் ஓர் ஊரில் வேலை. ஊரின் பெயரும் அலுவலகத்தின் பெயரும் எழுதப் போவதில்லை. அப்போது இருந்தவர்களில் பலர் இன்று இல்லை, பதில் சொல்ல முடியாதவர்கள் மேல் பழி போடுவது நியாயமில்லை.

ஒரு தென்னந்தோப்பில் கிணறு வெட்டும்போது அரைக் கோணி ஓடுகள் கிடைத்தன என்று தலையாரி கொண்டுவந்து இறக்கினார். மகஜர் எழுதியிருந்தது. கோணிக்குள் பெரும்பாலும் கையகலத் துண்டுகள். எல்லாம் பச்சை. சில பாசிப் பச்சை, சில ஆலிவ் காய் நிறம், சில நீலத்தைத் தொடும் பச்சை. சில துண்டுகளின் வெளிப்புறத்தில் தாமரை இதழ் வரிசையாகச் செதுக்கியிருந்தது. அவற்றுக்கு நடுவே, மூன்று துண்டாக உடைந்த ஒரு தட்டு. மூன்றையும் மேசைமேல் சேர்த்து வைத்தேன். ஒரு சாண் அகலம் இருக்கும். விளிம்பு லேசாக மடிந்து வெளியே படுத்திருந்தது. உள்ளே நடுவில் இரண்டு மீன்கள், ஒன்றின் வாலை நோக்கி மற்றொன்றின் தலை, வட்டமாகச் சுற்றி வருவது போல. மீன்கள் வரையப்பட்டவை அல்ல. அச்சில் வார்த்து ஒட்டி அதன்மேல் மெருகு ஊற்றியவை. விரலால் தடவினால் செதில் தட்டுப்பட்டது. தட்டைத் திருப்பினால் அடியில் ஒரு வளையத்தில் மட்டும் மெருகு இல்லை, அந்த இடம் செங்கல் நிறத்தில் காய்ந்திருந்தது. நகத்தால் சுண்டினேன். கிணுங் என்றது.

மேலதிகாரி வந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. "இணைக்கயல்! பாண்டியர் முத்திரையப்பா இது!" என்றார். உடனே பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். மாவட்டத்துக்குக் கடிதம் தயார் செய்யச் சொன்னார். ஊரில் செய்தி பரவி, இரண்டு பெரிய மனிதர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் தட்டுக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார். அந்தப் பத்து நாளும் அந்தத் தட்டு ராஜா வீட்டுப் பிள்ளை.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து ஒரு சரித்திர விரிவுரையாளர் வந்தார். பார்த்த மாத்திரத்தில், "சார், இது பாண்டியர்து இல்லை. சீனத்துச் சரக்கு. அங்கே இரட்டை மீன் மங்கலச் சின்னம், கல்யாணச் சீருக்குக் கொடுப்பார்கள்" என்றார். இதைச் சொல்லிவிட்டு, இது எவ்வளவு முக்கியம் என்று அவர் மேலும் அரைமணி நேரம் பேசினார். யாரும் கேட்கவில்லை. மேலதிகாரி முதல் வாக்கியத்தோடு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் தட்டு பீரோவிலிருந்து கோணிக்குத் திரும்பியது. கோணி பதிவறை மூலைக்குப் போனது. ஓர் ஆண்டு கழித்துப் பதிவறையைச் சுத்தம் செய்து கழிவுப் பட்டியல் தயாரிக்கும்போது, கால் உடைந்த நாற்காலி நான்கு, ஓட்டை வாளி இரண்டு, பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்று, அதற்கடுத்து ஆறாவதோ ஏழாவதோ வரிசையில், என் கையெழுத்தில்: 'உடைந்த பீங்கான் – அரைக் கோணி – உபயோகமற்றது – மதிப்பு ரூ.2.'

இந்த இரண்டு ரூபாய்க்கு ஒரு பொருள் உண்டு. 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் மண்ணுக்குள் கிடைப்பவற்றில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைத்தான் கலெக்டருக்கு அறிவிக்கச் சொல்கிறது. பத்துக்குக் கீழே போட்டுவிட்டால் தொல்லை இல்லை. அந்தப் பத்து ரூபாய் விக்டோரியா ராணி காலத்துப் பத்து ரூபாய் என்பது வேறு விஷயம். ஏலத்தில் நாற்காலியும் தட்டச்சும் போயின. பீங்கானை யாரும் கேட்கவில்லை. பின்புறம் பள்ளம் நிரப்பிய இடத்தில் கொட்டப்பட்டது. அதன்மேல் பிறகு சைக்கிள் நிறுத்தக் கொட்டகை போட்டார்கள். நான் ஒரு துண்டுகூட வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. அரசாங்கச் சொத்தைத் தொடாதவன் என்று அப்போது அதில் எனக்குப் பெருமை வேறு.

தட்டு மாறவில்லை. அதன் மீன்களும் மாறவில்லை. பாண்டியர் என்றபோது பீரோ, சீனம் என்றபோது பள்ளம். மாறியது நம் கண்தான்.

ஆனால் அந்தத் தட்டைப் பாண்டியரோடு சேர்த்த என் மேலதிகாரி முழுத் தவறும் செய்யவில்லை. அதுதான் இதில் வேதனை. சின்னம் பாண்டியருடையது இல்லை, காலம் பாண்டியருடையது. அந்தக் கோணி பள்ளத்துக்குப் போன மூன்று நான்கு வருடத்தில், 1987-இல், ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. கீழக்கரைக்குப் பக்கத்தில், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிக்கும் கரையில் உள்ள ஊர். அங்கே வெளிவந்தவை சீன ஓடுகள். 13, 14-ஆம் நூற்றாண்டுச் சரக்கு, அதில் பெரும்பங்கு தென்சீனத்து லாங்சுவான் சூளைகளின் பச்சைப் பீங்கான். பிற்காலப் பாண்டியர் ஆண்ட காலம். அந்த ஓடுகளை வரிசைப்படுத்தி, காலம் குறித்து, உலகத்துக்குச் சொன்னவர்களில் ஒருவர் நொபொரு கராஷிமா என்ற ஜப்பானியர். சோழர் கல்வெட்டுகளைத் தமிழிலேயே படித்தவர். சுப்பராயலு போன்ற நம் அறிஞர்களோடு சேர்ந்து தமிழகக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து ஓடு பொறுக்கினார். 2002-இல் தோக்கியோவின் தைஷோ பல்கலைக்கழகம் இதைப் பற்றிப் பெரிய தொகுப்பே வெளியிட்டது. நாங்கள் இரண்டு ரூபாய் போட்ட பொருளுக்கு!

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது ஓய்வு பெற்ற பிறகு, பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவன நூலகத்தில் உட்கார்ந்துதான். அந்தப் புத்தகத்தின் ஒரு படத்தில் தாமரை இதழ் செதுக்கிய பச்சை ஓடு ஒன்று இருந்தது. பார்த்ததும் கை நடுங்கியது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

'வெளிநாட்டுச் சரக்கு நமக்கெதற்கு' என்று கேட்பவர்களை ஒரு கேள்வி கேட்கிறேன். அரிக்கமேட்டை எதற்குக் கொண்டாடுகிறோம்? ரோமாபுரிப் பானைக்காக. இத்தாலியின் அரெட்சோ ஊரில் செய்த சிவப்பு மெருகுப் பாத்திரத்தின் உடைந்த துண்டுக்காக. பள்ளிப் புத்தகத்தில் அது இருக்கிறது, மேடையில் அது இருக்கிறது. ரோமானியன் தின்ற தட்டு நமக்குப் பெருமை, சீனன் சுட்ட தட்டு குப்பை. இது என்ன கணக்கு?

கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கணக்கில் வளர்ந்தவன் நான். எங்கள் பள்ளிப் புத்தகம் பாண்டிச்சேரிப் பையன்களுக்குக் கோல் நாட்டவரை முன்னோர் என்று காட்டியது. அரிக்கமேடு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். அதை 1937 வாக்கில் கவனித்து எழுதிய ழுவோ-துப்ரேய் பாண்டிச்சேரியிலேயே ஆசிரியராக இருந்தவர். 1945-இல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார், பிறகு கசால். வீலருக்கு வேண்டியது ரோமானியக் காலம். அதைப் பிடித்துத்தான் தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு கால அளவுகோல் செய்தார். அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதே மேட்டில் சீனப் பச்சைப் பீங்கானும் சோழர் காசும் கிடைத்தன. அவை பிற்காலத்தில் செங்கல் பெயர்க்க வந்தவர்கள் கணக்கில் போயின. அதாவது, கதை முடிந்த பிறகு வந்தவர்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் தோண்டியபோதுதான், அந்த ஊர் ரோமானியரோடு செத்துப்போகவில்லை, இடைக்காலம் வரை அங்கே ஆள் நடமாட்டம் இருந்தது என்று அழுத்தமாகச் சொல்லப்பட்டது. அந்த அறிக்கையின் முதல் தொகுதி 1996-இல் வந்தது. நம் பள்ளிப் புத்தகங்கள் இன்னும் வீலரோடு நிற்கின்றன.

சிறுவயதில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் நாங்கள் பச்சை ஓடு பொறுக்கித் தண்ணீரில் தத்தவிட்டு விளையாடியிருக்கிறோம். சிவப்பு ஓடு கிடைத்தால் மட்டும் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டுவோம். அது ரோமானியம் ஆயிற்றே. பத்து வயதிலேயே எங்களுக்குத் தரம் பிரிக்கத் தெரிந்திருந்தது.

வெள்ளைக்காரன் போய்விட்டான். இப்போது அந்த அளவுகோலைத் திருப்பிப் பிடித்திருக்கிறோம், அவ்வளவுதான். அன்று ரோமானியமா என்று கேட்டோம். இன்று கி.மு.வா என்று கேட்கிறோம். கீழடி எனக்கும் பெருமைதான். அருங்காட்சியகம் திறந்த வருடமே போய், முழங்கால் வலியோடு இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன். சிவகளை இரும்புக்கு கி.மு. 3345 வரை காலம் போகிறது என்று 2025 ஜனவரியில் அறிக்கை வந்தபோது மச்சினருக்கு முதலில் போன் போட்டவன் நான். ஆனால் பழமை மட்டுமே பெருமை என்று ஆகிவிட்டால், மேலே கிடக்கும் ஆயிரம் வருட மண் என்னவாகும்? கி.மு.வைத் தொட வேண்டுமென்றால் கி.பி.யைத் தோண்டித்தான் இறங்க வேண்டும். மேல் அடுக்கில் கிடப்பதைத் தடையாகப் பார்க்கிறவன் எதையும் பத்திரமாக எடுக்க மாட்டான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. சீனாவுக்குப் பானை செய்யக் கற்றுக்கொடுத்தவனே தமிழன் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. ஒன்று மட்டும்: களிமண்ணில் சிறிதளவு இரும்பு கலந்த மெருகை ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல், காற்றைக் குறைத்துச் சுட்டால்தான் அந்தப் பச்சை வரும். காற்று அதிகமானால் பழுப்பாகிவிடும். அதற்கு வேண்டிய மண்ணும் சூளையும் அவர்களிடம் இருந்தன. நம்மிடம் முத்து இருந்தது, துணி இருந்தது, கப்பலோட்டத் தெரிந்த வணிகர் கூட்டம் இருந்தது. கொடுத்தோம், வாங்கினோம். எல்லாவற்றையும் நாமே செய்தோம் என்று சொல்வது வியாபாரம் தெரியாதவன் பேச்சு.

லாங்சுவான் என்பது கடற்கரை ஊர் அல்ல. மலைநாடு. சூளைகளை மலைச்சரிவில் பாம்பு போல நீளமாகக் கட்டினார்கள், கீழே மூட்டிய நெருப்பு சரிவில் ஏறிக்கொண்டே போகும். சுட்ட பாத்திரம் ஆற்று வழியே வென்சோவுக்கு இறங்கி அங்கிருந்து பெரிய துறைமுகங்களுக்குப் போகும். நான் தினமும் காலையில் மாடியில் நின்று கொல்லிமலையைப் பார்க்கிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி மிளகும் பலாவும் வாழையும் காரவள்ளி வழியாக நம் ஊருக்கு வருகின்றன. இங்கிருந்து எங்கெங்கோ போகின்றன. மலையில் பறித்தவருக்கு அது எந்த ஊர்த் தட்டில் விழுகிறது என்று தெரியாது. லாங்சுவான் குயவனுக்கும் பெரியபட்டினம் தெரிந்திருக்காது. ஆனால் அவன் சுட்ட தட்டு இங்கே வந்தது, நம் ஆள் அதில் சாப்பிட்டான்.

'ராஜா வீட்டில் இரண்டு இருந்திருக்கும்' என்பார்கள். இல்லை. 1975-இல் கொரியாவின் சினான் கடலில் ஒரு கப்பல் அகப்பட்டது. 1323-இல் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் வழியில் மூழ்கியது. அந்த ஒரே கப்பலில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பீங்கான், பாதிக்கு மேல் பச்சை. ஒரு கப்பலுக்கு இத்தனை என்றால் இது எவர்சில்வர் மாதிரி வணிகச் சரக்கு, அரண்மனைக் காட்சிப்பொருள் அல்ல. அரண்மனையிலும் இருந்தது, சரி. இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் இன்றும் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது. விஷம் வைத்தால் தட்டு வெடித்துவிடும் என்று சுல்தான்கள் நம்பினார்களாம். நம் கடற்கரை வணிகன் விஷத்துக்குப் பயந்து வாங்கியிருக்க மாட்டான். கழுவினால் பளிச்சென்று இருக்கும், மீன் வாடை பிடிக்காது; அதற்காக வாங்கியிருப்பான். இது என் ஊகம்தான், ஆனால் என் மனைவியும் ஒத்துக்கொள்கிறாள்.

இந்தத் தட்டுகள் தனியாக வரவில்லை. 1015, 1033, 1077 என்று சோழர் தூதுகள் சீன அரசவைக்குப் போன குறிப்பு சீன நூல்களில் இருக்கிறது. முதல் தூது முத்துக்களைக் கொண்டுபோனது. 1281-இல் சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் ஒரு சிவன் கோயிலுக்காகத் தமிழில் கல்வெட்டு வெட்டியிருக்கிறான் நம் ஆள். ஏறக்குறைய அதே வருடங்களில் குப்லாய் கானின் தூதர் கொல்லத்துக்கு வந்து போகிறார். நாகப்பட்டினத்தில் 1267-ஆம் ஆண்டு வாசகத்தோடு சீனர்கள் பேர் சொல்லும் செங்கல் கோபுரம் ஒன்று இருந்ததாக வாங் தாயுவான் 1349-இல் எழுதுகிறார். நாகையில் கப்பலோட்டிகளுக்கு அடையாளமாக நின்ற பழைய பௌத்தக் கோபுரத்தை 1867-இல் இடித்தும் தள்ளினோம். அதற்கும் ஓர் எழுத்தர் 'உபயோகமற்றது' என்று எழுதியிருப்பார். 1409-ஆம் தேதியிட்டு செங் ஹே காலி துறைமுகத்துக்குக் கொண்டுவந்த கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. அந்தக் கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

கல்வெட்டு அரசன் பெயரையும் தானத்தையும் சொல்லும். சாதாரண ஆள் எந்தத் தட்டில் சாப்பிட்டான், எந்த ஊர்ச் சரக்கை வாங்கும் வசதி அவனுக்கு இருந்தது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லும் ஒரே சாட்சி அந்த உடைந்த ஓடு. சாட்சியைத்தான் நாம் பள்ளத்தில் கொட்டுகிறோம்.

ஜப்பானில் உடைந்த பச்சைக் கிண்ணம் ஒன்று உண்டு. அஷிகாகா யோஷிமாசா என்ற ஷோகன் காலத்தில் அதில் விரிசல் விட்டதாம். இதேபோல் இன்னொன்று தாருங்கள் என்று சீனாவுக்கு அனுப்பினார். இனி இவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது என்று சொல்லி, விரிசலை இரும்புக் கவ்விகளால் தைத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்று கதை. கவ்வி வெட்டுக்கிளி போலிருப்பதால் அதையே கிண்ணத்துக்குப் பெயராக வைத்தார்கள். தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விரிசலோடு, கவ்வியோடு. 'உடைந்தது' என்பது அவர்களுக்குக் கழிவுக்கான காரணம் ஆகவில்லை.

என்னிடம் வாதம் செய்கிறவர்கள் சொல்வது இரண்டுதான். இடம் இல்லை, பணம் இல்லை. டன் கணக்கில் ஓடு வந்தால் எங்கே வைப்பது? இதில் பாதி உண்மை இருக்கிறது. முப்பத்துச் சொச்சம் வருடம் பதிவறை நாற்றத்தில் வாழ்ந்தவனுக்கு இடப்பற்றாக்குறை தெரியாதா? ஆனால் நான் அரண்மனை கேட்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டு கேட்கிறேன். எந்த ஊர், எந்த சர்வே எண், எத்தனை அடி ஆழம், கூட என்ன கிடந்தது. அந்தச் சீட்டு இருந்தால் கோணி எந்த மூலையில் கிடந்தாலும் ஐம்பது வருடம் கழித்து ஒருவர் வந்து படிப்பார். சீட்டு இல்லாவிட்டால் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் அது வெறும் அழகான தட்டு. 2014-இல் கொல்லம் துறைமுகத்தில் கடலடி மண்ணை வாரியபோது சீனக் காசும் பீங்கானும் குவியலாக வந்தன. கரையில் கொட்டிய மண்ணில் ஆளுக்கு ஆள் பொறுக்கினார்கள். வாரிய மண்ணில் அடுக்கு ஏது, ஆழம் ஏது? கிடைத்தும் பாதிதான் கிடைத்தது.

கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை எடுத்த சீன ஓடுகளுக்கு இந்தச் சீட்டு இருக்கும். இன்றைய பிள்ளைகள் எங்களைவிடக் கவனமானவர்கள். என் பயம் தோண்டுகிறவர்களைப் பற்றியது அல்ல. கிணறு வெட்டும்போது, இறால் பண்ணைக்குப் பள்ளம் எடுக்கும்போது, கடற்கரையோரம் பொக்லைன் இறங்கும்போது வெளிவருகிறதே, அதைப் பற்றியது. அதை முதலில் பார்க்கிறவர் தொல்லியல் அறிஞர் அல்ல. டிரைவர், தலையாரி, வி.ஏ.ஓ., என்னைப் போல ஓர் எழுத்தர். இந்த நான்கு பேருக்கும் பள்ளியில் ஒரே ஒரு பக்கம் சொல்லிக்கொடுத்திருந்தால் போதும். சாம்பல் வெள்ளை மண், கண்ணாடி போலத் தடித்த பச்சை மெருகு, அடியில் சிவந்த வளையம், சுண்டினால் மணிச் சத்தம். இது கிடைத்தால் அந்த இடத்தில் ஒரு காலத்தில் உலகம் வந்து போயிருக்கிறது. எறியாதே, எழுதி வை. இந்த ஒரு பக்கத்துக்கு நம் பாடநூலில் இடமில்லையா? அரெட்சோ பானைக்குப் பக்கத்திலேயே நான்கு வரி போடக்கூடாதா? கடற்கரை மாவட்ட அருங்காட்சியகங்களில் பச்சை ஓட்டுக்குக் கீழே 'சீனப் பானை ஓடு' என்பதோடு எந்த ஊரில் எடுத்தது என்றும் ஒரு வரி எழுதக்கூடாதா?

மச்சினரிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தத் தோப்பு எங்கிருக்குதுன்னு சொல்லுங்க மச்சான், ஒருக்கா போயிப் பார்த்துட்டு வரலாம்" என்றார்.

அன்று நான் எழுதியிருக்க வேண்டிய பதிவை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

'சீனத்துப் பச்சைப் பீங்கான் தட்டு – 1. மூன்று துண்டு, முழுமையானது. அகலம் சுமார் ஒரு சாண். உள்ளே இரு மீன், அச்சில் வார்த்து ஒட்டியவை. அடியில் மெருகற்ற சிவந்த வளையம். உடன்: அதே வகைக் கிண்ண ஓடுகள், அரைக் கோணி, சிலவற்றில் தாமரை இதழ். தென்னந்தோப்பில் கிணறு வெட்டுகையில் கிடைத்தது. ஆழம் –'

ஆழம் மகஜரில் இருந்தது. சர்வே எண்ணும் இருந்தது. மகஜர் கோணியோடு கட்டியிருந்தது. தோப்புக்காரர் பெயர் எனக்கு நினைவில்லை.